நெஞ்செலும்பை அறுக்காமல்

மார்டள்ளியில் ஒருவருக்கு இதய வால்வு கெட்டுப்போனால் மைசூருக்குப் போகலாம். ஹனூர், கொள்ளேகால் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். எதிர்த் திசையில் மலையிறங்கிப் பாலாற்றைத் தாண்டினால் மேட்டூர், அதற்கப்புறம் சேலம். எந்தப் பக்கம் போவது என்பதைச் சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள், காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தில் செல்லும் என்பவைதான் தீர்மானிக்கும். 1956 நவம்பர் 1 வரை, மார்டள்ளி அடங்கிய கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது மைசூரோடு போனது. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானதும் அதன் கீழே வந்தது. மார்டள்ளி, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வாழும் ஊர். வீட்டுப் பேச்சு இன்றும் தமிழ்தான். வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சுற்றுவட்டாரம் வீரப்பன் காலத்துச் செய்திகளில் மட்டுமே அறிமுகம்.

ரோபோ இதய அறுவை பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் பெருநகர மருத்துவமனையின் வரவேற்பறையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. வால்வு கெட்ட நோயாளிகளோ இப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான் அதிகம் வருகிறார்கள். அதனால் இந்த அத்தியாயத்தில் ரோபோவை மார்டள்ளிப் பக்கம் நின்று பார்க்கலாம்.

இதயத்தில் நான்கு வால்வுகள். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன. நான்கில் நம் நாட்டில் அதிகம் அடிவாங்குவது மிட்ரல் வால்வு. இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே இருப்பது. இரண்டு இதழ்கள், அவற்றைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் மெல்லிய நாண்கள், அந்த நாண்கள் வேர்விடும் இரண்டு தசைத் தூண்கள். நல்ல வால்வு திறந்தால் ரத்தம் போக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். அது 1.5 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நுரையீரலில் ரத்தம் தேங்கும். மேடு ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு சமதரையிலேயே வாங்கும். கடைசியில் படுத்தால் வாங்கும்.

இந்தச் சுருக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் சிறுவயதில் வந்த ஒரு தொண்டை வலி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி 5 முதல் 15 வயதுக்குள் உள்ள பிள்ளைகளின் தொண்டையில் வந்து போகிறது. சிலருக்கு, அந்தக் கிருமியை அழிக்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இதயத் திசுவையும் எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. காய்ச்சல் வரும். இன்றைக்கு முழங்கால் வீங்கும், நாளைக்குக் கணுக்கால் வீங்கும். சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிடும், வீட்டிலும் மறந்துவிடுவார்கள். வால்வின் இதழ்களோ அதற்குப் பிறகுதான் தடிக்கத் தொடங்குகின்றன, ஓரங்கள் ஒட்டுகின்றன, நாண்கள் சுருங்குகின்றன. இதற்கு ருமாட்டிக் இதய நோய் என்று பெயர். ஒரே அறையில் பலர் படுக்கும் வீடுகளின் நோய் இது. பணக்கார நாடுகளில் அநேகமாக மறைந்துவிட்டது. நம்மிடம் மறையவில்லை.

பெண்களுக்குப் பல சமயம் முதல் பிரசவம்தான் நோயைக் காட்டிக்கொடுக்கிறது. கர்ப்ப காலத்தில் உடலிலுள்ள ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கூடிவிடும். குறுகிய வால்வால் அதைத் தாங்க முடியாது. மாசமாக இருந்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். இதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் எக்கோ எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மருத்துவர்கள் இதற்குத் தீர்வு தேடத் தொடங்கி நூறு ஆண்டு ஆகிறது. அந்தத் தேடல் தொடங்கியதே இதயத்தில் போட்ட ஒரு சிறு துளை வழியாகத்தான் என்பது இந்தத் துறையின் வேடிக்கை. 1923-ல் பாஸ்டனில் எலியட் கட்லர் ஒரு சிறுமியின் துடிக்கும் இதயத்துக்குள் மெல்லிய கத்தியைச் செலுத்தி வால்வை அறுத்துவிட்டார். 1925-ல் லண்டனில் ஹென்றி சூட்டர் கத்தியையும் விட்டுவிட்டு, ஒரு பெண்ணின் இதயத்தில் இடது மேலறையின் காதுமடல் போன்ற பகுதியைத் திறந்து, தன் விரலையே உள்ளே விட்டு வால்வை விரித்தார். அந்தப் பெண் பிழைத்தார். ஆனாலும் அதற்குப் பிறகு எந்த மருத்துவரும் சூட்டரிடம் இன்னொரு நோயாளியை அனுப்பவில்லை. இதயத்தில் கை வைப்பதே அத்துமீறல் என்று நினைத்த காலம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வழி மூடியே கிடந்தது.

1948 ஜூன் 10-ல் பிலடெல்ஃபியாவில் சார்லஸ் பெய்லி அதைத் திறந்தார். அதற்கு முன் அவரிடம் வந்த நோயாளிகள் இறந்திருந்தார்கள். இன்னொரு மரணம் நடந்தால் தன்னைத் தடுத்துவிடுவார்கள் என்று தெரிந்து, ஒரே நாளில் இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு அறுவைகளை வைத்துக்கொண்டார். காலையில் செய்ததில் நோயாளி இறந்தார். அந்தச் செய்தி இரண்டாவது மருத்துவமனைக்கு வந்து சேரும் முன் அங்கே அடுத்த அறுவையைத் தொடங்கிவிட்டார். அந்த நோயாளி பிழைத்தார். இன்றைய எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது. தரவும் கூடாது.

அடுத்த ஆண்டே, 1949-ல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் இதுதான் முதல். அவரிடம் பயின்ற கோபிநாத் 1960-களின் தொடக்கத்தில் அங்கேயே இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு திறந்த இதய அறுவை செய்தார். ஆனால் வேலூர் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இயந்திரம் இல்லாமல் செய்த வேலையில்தான் இருக்கிறது. இடது விலாக்களுக்கு நடுவே திறந்து, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே விரலாலும் விரிக்கும் கருவியாலும் மிட்ரல் வால்வைத் திறக்கும் மூடிய அறுவை அது. 1983-ல் ஸ்டான்லி ஜானும் அவருடைய குழுவினரும் இப்படிச் செய்த 3,724 நோயாளிகளின் விவரத்தை ‘சர்குலேஷன்’ இதழில் வெளியிட்டார்கள். அந்த எண்ணை வெளிநாட்டு அறுவை மருத்துவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்திருப்பார்கள். இயந்திரம் இல்லை, நெஞ்செலும்பு அறுக்கப்படவில்லை, செலவும் குறைவு. சிறுதுளை அறுவை என்று இன்று விளம்பரமாகும் பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை.

மூடிய அறுவையால் முடியாதது ஒன்று உண்டு. ஒட்டியதை விரிக்கலாம், அவ்வளவுதான். கிழிந்த இதழைத் தைக்கவோ, அறுந்த நாணை மாற்றவோ, சுண்ணாம்பேறிய வால்வை எடுத்துவிட்டு வேறு வைக்கவோ கண்ணால் பார்த்தாக வேண்டும். பார்க்க வேண்டுமானால் இதயத்தை நிறுத்த வேண்டும். 1953-ல் ஜான் கிப்பன் இதய நுரையீரல் இயந்திரத்தை மனிதரிடம் வெற்றியாகப் பயன்படுத்தினார். 1960-ல் ஸ்டார், எட்வர்ட்ஸ் இருவரும் உருவாக்கிய, கூண்டுக்குள் பந்து உருளும் செயற்கை வால்வு பொருத்தப்பட்டது. அதிலிருந்து வால்வு அறுவை என்றாலே நெஞ்சின் நடுவே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வெட்டு, ரம்பத்தால் நெஞ்செலும்பை நீளவாக்கில் அறுத்தல், வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் எலும்பைக் கட்டுதல் என்று ஆகிவிட்டது.

இந்த முறையை ஏளனமாகப் பேச ஒன்றுமில்லை. இதயம் முழுதும் கண்முன்னே இருக்கும், ஏதாவது நேர்ந்தால் கை உடனே எட்டும். குறை வெளியே தெரிவது பிற்பாடுதான். எலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, விறகுச் சுமை கூடாது, கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவும் பயம். நாற்காலி வேலைக்காரருக்கு இது விடுப்பு. ராகிக் காட்டில் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு பருவமே போய்விடும். சர்க்கரை நோய் இருப்பவர்களில் சிலருக்கு எலும்பில் சீழ் பிடித்துவிட்டால் வால்வை மறந்து அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டியதாகிவிடும்.

1990-களின் நடுவில் பித்தப்பையைத் துளை வழியாக எடுக்கும் அறுவை உலகெங்கும் பரவியிருந்தது. இதய அறுவை மருத்துவர்களுக்கும் அந்த ஆசை வந்தது. 1996-ல் பாரிஸில் அலைன் கார்ப்பென்டியே, அமெரிக்காவில் காஸ்குரோவ், கோன், சிட்வுட் ஆகியோர் சிறிய வெட்டின் வழியே வால்வு அறுவை செய்து காட்டினார்கள். வழி இதுதான்: வலது மார்பின் கீழ்மடிப்பில் விலாக்களுக்கு நடுவே 4 முதல் 6 சென்டிமீட்டர் வெட்டு. எலும்பு எதுவும் அறுபடுவதில்லை. இதய நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை நெஞ்சில் செருக இடமில்லாததால் தொடையிடுக்கின் தமனியிலும் சிரையிலும் செருகுவார்கள். இன்னொரு சிறு துளை வழியே நீண்ட கிடுக்கியை விட்டுப் பெருந்தமனியை அடைப்பார்கள். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவம் செலுத்தினால் இதயம் நிற்கும். நெஞ்சுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஓடிக்கொண்டே இருக்கும். காற்றுக் குமிழி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். கார்பன் டை ஆக்சைடோ ரத்தத்தில் எளிதாகக் கரைந்துவிடும். உணவுக்குழாயில் இறக்கிய எக்கோ கருவி எல்லாவற்றையும் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

அறுவை மருத்துவர் முப்பது சென்டிமீட்டர் நீளக் கருவிகளைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி தைக்கிறார். முடிச்சை விரலால் இறக்க முடியாது, அதற்கென்று ஒரு தள்ளுகோல் இருக்கிறது. கருவிக்கு மணிக்கட்டு இல்லை. ரோபோ வந்தது இந்த இடத்தில்தான்.

ரோபோ என்றதும் தானாக அறுவை செய்யும் இயந்திரம் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. அது தானாக ஒரு தையலும் போடாது. மருத்துவர் சில அடி தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து, பத்து மடங்கு பெரிதாக்கிய முப்பரிமாணக் காட்சியைப் பார்க்கிறார். அவருடைய விரல் அசைவுகள் மின்சமிக்ஞையாகி நோயாளியின் நெஞ்சுக்குள் இருக்கும் சிறு கருவிகளுக்குப் போகின்றன. அந்தக் கருவிகளுக்கு மணிக்கட்டு உண்டு. நம் கைக்கு முடியாத கோணத்திலும் திரும்பும். கை நடுக்கம் வடிகட்டப்படும். மேசையில் கை நகரும் தூரத்தைக் கருவி சில மடங்கு குறைத்து நெஞ்சுக்குள் நகரும். 1998 மே மாதம் கார்ப்பென்டியே இப்படி மிட்ரல் வால்வைச் சரிசெய்தார். 2000-ல் சிட்வுட் அமெரிக்காவில் செய்தார். 2002 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் டா வின்சி ரோபோவை மிட்ரல் வால்வு அறுவைக்கு அனுமதித்தது. அதே காலத்தை ஒட்டி டெல்லி எஸ்கார்ட்ஸ் மருத்துவமனையில் நரேஷ் திரேஹானின் குழு ரோபோவை இதய அறுவைக்குக் கொண்டுவந்தது.

இதில் இழப்பதும் உண்டு. தொடு உணர்வு போய்விடுகிறது. நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதைக் கண்ணால் பார்த்து ஊகிக்க வேண்டும். விசையை உணர்த்தும் கருவிகளோடு டா வின்சியின் புதிய வடிவம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2024-ல்தான். கால் நூற்றாண்டு அந்தக் குறையோடுதான் ஓட்டினார்கள். விலை பத்துக் கோடி ரூபாய்க்கு மேல். கருவி முனைகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கை முறைதான் பயன்படுத்தலாம். அதை இயந்திரமே எண்ணி, முடிந்ததும் மறுத்துவிடும். கூர் மங்காத முனையைக்கூடத் தூக்கிப் போட வேண்டும். வணிகக் கணக்கா, பாதுகாப்புக் கணக்கா என்று அறுவை அரங்குகளில் நெடுநாள் பேச்சு. இரண்டும்தான் என்பது என் எண்ணம்.

சரி, சிறிய வெட்டால் நோயாளிக்கு என்ன கிடைக்கிறது? இதற்கு நல்ல பதில் 2023-ல் வந்தது. பிரிட்டனில் பத்து மருத்துவமனைகளில் 330 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு நெஞ்செலும்பை அறுத்தும் மீதிப் பேருக்கு விலா வழியாகவும் மிட்ரல் வால்வைச் சரிசெய்தார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து உடல் இயக்கத்தை அளந்தபோது இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஆறாவது வாரத்தில் சிறுவெட்டுக்காரர்கள் முன்னால் இருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வால்வைச் சரிசெய்ததில் இரண்டு முறையும் சமம்.

சிறுவெட்டு ஆதரவாளர்களுக்கு இந்த முடிவு ஏமாற்றம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெஞ்செலும்பை அறுத்தவர்கள் பின்தங்கியிருந்த அந்த முதல் வாரங்கள், தினக்கூலி குடும்பத்தில் கடன் வாங்கும் வாரங்கள். நகரத்து ஆய்வாளர் பன்னிரண்டாம் வாரத்தில் அளக்கிறார். கூலிக்காரருக்கு மூன்றாம் வாரத்திலேயே பானை காலி. தழும்பையும் அற்பமாக நினைக்க வேண்டாம். கல்யாணம் ஆகாத பெண்ணின் நெஞ்சு நடுவே கழுத்துக்குக் கீழிருந்து இறங்கும் கோடு, சேலை ரவிக்கையில் மறையாது. பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். மார்பின் மடிப்புக்குள் போகும் வெட்டு இந்த நாட்டில் அலங்காரம் மட்டும் அல்ல. அப்படி இருக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

ஆனாலும் ஒரு பெரிய ஆனால் இருக்கிறது. அந்த பிரிட்டிஷ் நோயாளிகளின் வால்வு வேறு, நம் வால்வு வேறு. அங்கே வருவது வயதாகித் தளர்ந்த வால்வு. இதழ் மெலிந்து பிதுங்கியிருக்கும், ஓரிரு நாண் அறுந்திருக்கும். மிருதுவான திசு. கொஞ்சம் வெட்டித் தைத்து, புது நாண் கட்டி, சுற்றிலும் ஒரு வளையம் வைத்தால் சொந்த வால்வு இன்னும் பல ஆண்டுகளுக்கு வேலை செய்யும். ரோபோவின் நுட்பமான மணிக்கட்டு ஜொலிப்பது இதில்தான். ருமாட்டிக் வால்வு தடித்து, சுருங்கி, சுண்ணாம்பேறிக் கிடக்கும். அதைச் செதுக்கிப் பிரிக்க விரலின் அழுத்தமும் தொடு உணர்வும் வேண்டும். பெரும்பாலும் எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைப்பதில்தான் முடியும். நோயாளியின் உடலும் வேறு. நோயால் வற்றிய நாற்பது கிலோப் பெண்ணின் தொடைத் தமனி மெல்லியது. இயந்திரத்தின் குழாய் அதில் நுழையாமல் போகலாம், நுழைந்தால் கால் ரத்தம் இல்லாமல் தவிக்கலாம். நோயோடு பத்துப் பதினைந்து ஆண்டு தள்ளிப்போட்டு வந்தவருக்கு மூன்று வால்வும் கெட்டு, மேலறை வீங்கி, உள்ளே ரத்தக்கட்டி உறைந்திருக்கும். அவருக்கு நெஞ்செலும்பை அறுப்பதே பத்திரமான வழி. இதை மறைத்து, எல்லோருக்கும் துளைதான் மேல் என்று விளம்பரம் செய்வது சரியல்ல.

நம் நோய்க்கு ஏற்ற சிறிய துளை வேறு திசையிலிருந்து வந்தது. ஜப்பானியரான கஞ்சி இனோவே 1984-ல் ஒரு பலூனைப் பற்றி எழுதினார். தொடைச் சிரையில் ஊசித் துளை. அதன் வழியே குழாய் இதயத்தின் வலது மேலறைக்குப் போகும். இரு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சுவரை ஊசியால் துளைத்து இடப்பக்கம் கடக்கும். வால்வைத் தாண்டியதும் பலூனின் முன்பாதி மட்டும் ஊதும். பின்னுக்கு இழுத்தால் அது வால்வின் அடியில் மாட்டிக்கொள்ளும். அடுத்துப் பின்பாதி ஊதும். அந்த நொடியில் பலூன் உடுக்கையின் வடிவில் இருக்கும், ஒட்டிப்போன வால்வு அதன் இடுப்பில் சிக்கியிருக்கும். கடைசியில் இடுப்பும் ஊதும்போது ஒட்டிய ஓரங்கள் பிளக்கும். சில நொடி வேலை. மயக்க மருந்து தேவையில்லை, இயந்திரம் இல்லை, இதயம் நிற்பதில்லை. சூட்டரின் விரல் செய்ததைப் பலூன் செய்கிறது. கர்ப்பிணிக்கும் தேவைப்பட்டால் செய்யலாம்.

இது அறுவைக்கு ஈடாகுமா என்ற கேள்விக்கான விடை ஹைதராபாத்தில் கிடைத்தது. நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 60 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, முப்பது பேருக்குப் பலூனும் முப்பது பேருக்குத் திறந்த இதய அறுவையும் செய்தார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பலூன் போட்டவர்களின் வால்வுத் திறப்பு சராசரி 2.4 சதுர சென்டிமீட்டர். அறுவை செய்துகொண்டவர்களுக்கு 1.8. 1994-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இது வந்தது. உலகப் பாடநூல்களை மாற்றிய இந்த முடிவு நம் நாட்டு நோயாளிகளின் இதயத்தில் கண்டறியப்பட்டது.

மார்டள்ளிக்கு இது எட்டும் தூரத்தில் இருக்கிறது. கர்நாடக அரசின் ஜெயதேவா இதய நிறுவனத்துக்குப் பெங்களூருவிலும், மைசூரில் கே.ஆர்.எஸ். சாலையிலும் மருத்துவமனைகள் உள்ளன. நாட்டில் மிட்ரல் பலூன் சிகிச்சை மிக அதிகமாகச் செய்யப்படும் இடங்களில் ஜெயதேவாவும் ஒன்று. அதன் இயக்குநராக நீண்ட காலம் இருந்த சி.என். மஞ்சுநாத், இனோவே பலூனின் வழியில் வந்த அக்யூரா பலூனைக் கடினமான வால்வுக்குள் செலுத்த ஒரு தனி உத்தி வகுத்தவர். 2024-ல் பெங்களூரு ஊரகத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அவருடைய அரசியல் எப்படியோ, பலூன் கை நல்ல கை என்று கட்சி பேதமில்லாமல் சொல்வார்கள்.

பலூனும் எல்லோருக்கும் ஆகாது. வால்வு மிகவும் சுண்ணாம்பேறியிருந்தாலோ, கசிவு அதிகமிருந்தாலோ, மேலறையில் ரத்தக்கட்டி இருந்தாலோ செய்ய மாட்டார்கள். இதழ்களின் அசைவு, தடிப்பு, சுண்ணாம்பு, நாண்களின் நிலை என நான்கையும் எக்கோவில் பார்த்து 16-க்கு மதிப்பெண் போடுவார்கள். எட்டு அல்லது அதற்குக் கீழே என்றால் பலூனுக்கு உகந்த வால்வு. பரீட்சையில் போல அல்ல, இங்கே குறைந்த மதிப்பெண்தான் நல்லது.

பலூன் ஆகாதவர்களுக்குச் செயற்கை வால்வு. இதில் நம் தென்கோடியின் பங்கு பெரிது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தானின் தலைமையில் ஒரு குழு பல ஆண்டு உழைத்தது. முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. செயற்கை நீலக்கல்லில் செய்த வட்டைக்கூட முயன்று பார்த்தார்கள், உடைந்துவிட்டது. நான்காவதில் கோபால்ட் உலோகக் கலவைச் சட்டமும் பாலிஎத்திலீன் வட்டும் வைத்தார்கள். 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. நிறுவனம் தயாரிக்கும் இந்தச் சித்திரா வால்வு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சில் வேலை செய்திருக்கிறது.

உலோக வால்வு வைத்தவர் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். நோயாளிகள் வாயில் அதற்கு ‘அசிட்ரோம்’ என்று பெயர். அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்து வட்டு அசையாமல் நின்றுவிடும், கூடினால் மூளையில் ரத்தம் கசியும். மாதம் ஒருமுறை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து அளவை மாற்ற வேண்டும். கீரை அதிகம் சாப்பிட்டால்கூட எண் மாறும். மாத்திரையோடு கர்ப்பமானால் குழந்தைக்கு ஆபத்து, மாத்திரையை நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. வெட்டு நான்கு சென்டிமீட்டரா இருபதா என்பது இரண்டு மாதத்துக் கதை. ஐ.என்.ஆர். பார்க்கப் பஸ் ஏறுவது ஆயுள் முழுக்க. அதனால்தான் சொந்த வால்வைக் காப்பாற்ற முடியுமென்றால் எவ்வளவு பெரிய வெட்டாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறேன். அனுபவமுள்ள கை பெரிய வெட்டின் வழியே காப்பாற்றும் வால்வு, அனுபவமற்ற கை துளை வழியே மாற்றிவைக்கும் வால்வைவிட எவ்வளவோ மேல்.

வயதானவர்களின் பெருந்தமனி வால்வு தனிக் கதை. 2002-ல் பிரான்சில் அலைன் கிரிபியே மடித்த வால்வைக் குழாய் வழியே கொண்டுபோய்ப் பழைய வால்வுக்குள் விரித்தார். இன்று குஜராத்தின் மெரில் நிறுவனம் அவ்வகை வால்வை இங்கேயே தயாரிக்கிறது. இருந்தும் செலவு பல லட்சம். அதற்கு இன்னொரு அத்தியாயம் வேண்டும்.

தூரத்தைக் கருவியால் வெல்ல முடியுமா என்ற கேள்வி சாமராஜநகருக்குப் புதிதல்ல. 2002-லேயே இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்பில் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையையும் சரகூர் விவேகானந்தர் மருத்துவமனையையும் பெங்களூரு நாராயண ஹ்ருதயாலயாவோடு சேர்த்தார்கள். நாட்டின் ஆரம்பகாலத் தொலைமருத்துவ முயற்சிகளில் அது ஒன்று. அப்போது போனது இ.சி.ஜி. படமும் பேச்சும். 2025 ஜனவரியில் போனது கை அசைவு. அமெரிக்காவிலிருந்து திரும்பிய இதய அறுவை மருத்துவர் சுதீர் ஸ்ரீவஸ்தவா உருவாக்கிய எஸ்.எஸ்.ஐ. மந்திரா என்ற இந்திய ரோபோவில், குருகிராமில் உட்கார்ந்தவர் 286 கிலோமீட்டர் தள்ளி ஜெய்ப்பூரில் படுத்திருந்த நோயாளிக்கு இதய அறுவை செய்தார். பைபாஸ் சார்ந்த அறுவை அது, வால்வு அல்ல. மந்திராவுக்கு டா வின்சியைவிட விலையும் குறைவு. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெய்ப்பூர் அரங்கிலும் மயக்க மருந்து நிபுணர், இயந்திரம் இயக்குபவர், தேவைப்பட்டால் நெஞ்சைத் திறக்கத் தயாராக இன்னொரு அறுவை மருத்துவர் எல்லோரும் இருந்தாக வேண்டும். அவ்வளவு பேரும் இருக்கும் இடம் கிராமமாக இருக்காது. ரோபோ மலையேறி வரப்போவதில்லை.

மலையேறி வரக்கூடியவை இரண்டு. ஒன்று, கைக்கடக்கமான எக்கோ கருவி. இன்னொன்று, பென்சிலின் ஊசி. உகாண்டாவில் வால்வில் ஆரம்ப மாற்றம் மட்டும் தெரிந்த 818 பிள்ளைகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். ஊசி போடாதவர்களில் 8.2 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது. மாதாமாதம் ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதம். நம் நாட்டில் பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை போடச் சொல்கிறார்கள். இடுப்பில் போடும் ஊசி, வலிக்கும். பிள்ளை அழும். விலை மிகக் குறைவு. லாபம் இல்லாததால் தயாரிப்பாளர்களுக்கு ஆர்வமில்லை, அதனால் அவ்வப்போது கிடைக்காமலும் போகிறது. கோடிக்கணக்கில் செலவழித்து ரோபோ வாங்கும் நாட்டில் இந்த ஊசி தட்டுப்பாடு ஆவது வெட்கக்கேடு.

உங்கள் வீட்டில் யாருக்காவது வால்வு அறுவை என்று சொன்னால், துளையா வெட்டா என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். முதலில் பலூன் ஆகுமா என்று கேளுங்கள். ஆகாதென்றால் ஏன் என்று எக்கோ அறிக்கையைக் காட்டிக் கேளுங்கள். அடுத்து, சொந்த வால்வைக் காப்பாற்ற முடியுமா, இந்த மருத்துவர் அப்படிப்பட்ட அறுவைகளை எத்தனை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். செயற்கை வால்வுதான் என்றால் எந்த வகை, அசிட்ரோம் வேண்டுமா, ஐ.என்.ஆர். பக்கத்து ஊரில் பார்க்க முடியுமா, பெண்ணாக இருந்தால் பிள்ளைப்பேறு பற்றி என்ன சொல்கிறார்கள். இவ்வளவுக்கும் பதில் தெரிந்த பிறகு வெட்டின் நீளத்தைக் கேளுங்கள். உங்களுக்கு நெஞ்செலும்பைத் திறப்பதுதான் பத்திரம் என்று நல்ல மருத்துவர் சொன்னால், தயங்காமல் சம்மதியுங்கள்.